டானியேல் பூவர்: அரசாணைகளிடையே ஓர் ஆசிரியர்

யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை ஆராய்வார்க்கு, அமெரிக்க மிஷன் இச்சிறு குடாநாட்டை நாடிவந்தது ஏன் என்னும் வினா எழும். அதற்குரிய விடை சமயத்தில் மாத்திரமன்றி அக்காலத்து அரசியலிலும் உளது. அவ்வரசியலுக்கு நடுவே வாழ்ந்து கல்விப்பணி புரிந்தவர் டானியேல் பூவர்.

அன்னார் 1789 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து டான்வேர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். டாட்மத் கல்லூரியிற் பட்டம் பெற்று, அண்டோவரில் இறையியல் பயின்றார். அவர் மாணவராயிருந்த 1812 இல் அமெரிக்கா பிரித்தானியாவுடன் போர் தொடுத்தது. அவ்வாண்டிற் கல்கத்தாவை அடைந்த அமெரிக்க மிஷனரிமாரைக் கிழக்கிந்தியக் கும்பனி அங்குத் தங்கவிடவில்லை. அவருள் ஒருவராகிய சாமுவேல் நியூவெல் 1813 இல் இலங்கை சேர்ந்தார். இலங்கையோ கும்பனிக்கு உட்படாது, 1802 முதல் பிரித்தானிய முடியின் நேராட்சியில் இருந்தது. இந்நாட்டைப் பார்வையிட்ட நியூவெல், யாழ்ப்பாணமே தகுந்த இடமெனத் தம்மவர்க்கு அறிவித்தார். 1814 மார்கழியிற் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மறுவருடம் கப்பலேறிய பூவர் 1816 பங்குனியிற் கொழும்பை அடைந்து, தேசாதிபதி பிரவுன்றிக்கின் இசைவு பெற்றுத் தெல்லிப்பழையில் அமர்ந்தார்.

ஆட்சியாளர் மாறவே கொள்கையும் மாறியது. 1820 இல் அச்சுத்தொழில் வல்ல ஜேம்ஸ் காரெட் யாழ்ப்பாணம் வந்தபோது, பிரவுன்றிக்கின்பின் ஆட்சிப் பொறுப்பேற்ற எட்வேட் பார்ன்ஸ் அவரை வெளியேறப் பணித்தார். காரெட் பம்பாய் சென்றார். புதிய அமெரிக்கர் வந்து சேர்தற்கு 1833 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து துணைவர் வாராத நிலையில், உள்ளூர் இளைஞரை உயர்கல்வியிற் பயிற்றுந் தேவை மேலும் வலுத்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. பூவர் அதன் முதல் அதிபரானார். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானசாத்திரமும் அங்கே ஒருங்கு கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றோரே.

1830களின் நடுப்பகுதியிற் பூவர் மதுரைக்குச் சென்றார். சில ஆண்டுகளின்பின் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1855 மாசியில் மானிப்பாயில் வாந்திபேதியால் உயிர்நீத்தார். அதே ஆண்டிற் செமினரியும் மூடப்பட்டது. இம்முறை தடுத்தது கொழும்பு அரசன்று; மிஷனின் சொந்தக் கொள்கையே. தாய்மொழிக் கல்வியே தன் நோக்கத்துக்குப் போதுமென மிஷன் தலைமை கருதியதன் விளைவு அது.

தேசாதிபதி ஒருவர் திறந்த வாயிலை மற்றொருவர் அடைத்தார். அமெரிக்கர் நிறுவியதை அமெரிக்கரே மூடினர். பிறர் கொள்கையை நம்பி நிற்குங் கல்விக்கு இந்நிலை என்றும் உண்டு. எனினும், கற்றவர் பெற்ற அறிவை எவ்வாணையும் மீட்டுக்கொள்ள இயலவில்லை. செமினரியிற் கற்ற நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஒரு பாடசாலை தொடங்கினார். 1890 இல் சைவ பரிபாலன சபை அதனைப் பொறுப்பேற்றது. அதுவே வளர்ந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. பூவர் எண்ணிய நோக்கம் வேறு. இங்கு விளைந்த பயன் வேறு. ஆயினும் ஆசிரியர் என்ற வகையில் அன்னாருக்கு நம்மவர் நன்றி உரியதே.