தமிழில் அறுவை மருத்துவம் கற்பித்த கிறீன்

நோயைத் தீர்ப்பதற்கு முன் அதனை இனங்காண வேண்டும். வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறியும் இதுவே. கருவிகள் பெருகாத காலத்தில் அறுவை மருத்துவர்க்குக் கண்ணும் காதும் விரலுமே துணையாயின. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கும் அழற்சியின் குறிகள் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய அறிஞர் செல்சசு எழுதிவைத்தார். முறிந்த எலும்பின் முனைகள் ஒன்றோடொன்று உராயும் நெறுநெறுப்பு, எலும்பு முறிவின் குறி. வீக்கத்தின் ஒருபுறம் அழுத்த மறுபுறம் விரலில் அலை மோதுமாயின், உள்ளே சீழோ நீரோ உண்டு. விரைவீக்கத்தின் பின்னே விளக்கைப் பிடிக்க ஒளி ஊடுருவுமாயின், அது பெரும்பாலும் நீர்வீக்கமாகும்.

இத்தகைய மேலை அறுவை மருத்துவத்தைத் தமிழ் இளைஞர்க்குத் தமிழிலேயே கற்பித்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த அவர், நியூயார்க்கு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மிஷனார் 1834இலேயே நம் மதுரையிலும் பணி தொடங்கியிருந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். ஆங்கிலம் கற்ற மாணவர் ஊதியம் நாடி வேற்றூர்களுக்குச் செல்வதையும், சிற்றூர் மக்கள் மருத்துவரின்றித் தவிப்பதையும் கண்டார். பத்தாண்டுப் பணிக்குப் பின் தாயகம் சென்ற அவர், 1862இல் துணைவியாருடன் திரும்பி வந்தார். பின்னர்ப் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார்.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! கிறீன் தம் மாணவரைத் துணைக்கொண்டு 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட மருத்துவ நூல்களைத் தமிழில் உருவாக்கினார். துரூயிற்று என்பாரின் அறுவை நூல் 1867இல் இரண வைத்தியம் என்னும் பெயரில் வெளிவந்தது. கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டார். தமிழ்ச்சொல், வடசொல், ஒலிபெயர்ப்பு என மூவழியும் அவர் கையாண்டார். அங்காதிபாதம் இன்று உடற்கூறியலாகவும், சுகரணம் உடலியங்கியலாகவும் மாறிவிட்டன. சொற்கள் மாறினும் அவர் அமைத்த பாதை மாறவில்லை என்போம்.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். கடல் கடந்து வாழ்ந்தபோதும் தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்து, 1884இல் மறைந்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கும் மேலாவர்.

கிறீன் மறைந்த ஐந்தாண்டுகளில், அவர் பயின்ற அதே கல்லூரியின் பிற்கால மாணவர் சார்லசு மக்பர்னி குடல்வால் அழற்சிக்குரிய புகழ்பெற்ற குறியை 1889இல் வெளியிட்டார். வலப்புற இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்பூழ் வரை கோடு வரைந்து, இடுப்பெலும்புப் பக்கம் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் விரலால் அழுத்தினால், அவ்விடத்தே வலி மிகும். அந்த விரலுக்கு மொழியில்லை. ஆயினும் வலி எங்கே தொடங்கிற்று, எங்கே நகர்ந்தது என்பதை நோயாளியின் வாய்மொழியே கூறவேண்டும்.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் உழவர் வலியை ஒரே சொல்லாற் குறிப்பதில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, சுருக்கெனல் என அவர் வேறுபடுத்துவர். ஒவ்வொன்றும் மருத்துவர்க்கு ஒரு தடயம். இச்சொல்வளத்தை அறியாத மருத்துவர், குறியின் பாதியை இழந்தவராவார். மக்களின் மருத்துவம் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும் என்று கிறீன் கொண்ட துணிவின் ஆழம் இங்கேதான் புலனாகிறது.

அயல்நாட்டிற் பிறந்த ஒருவர் நம் மொழியில் அறுவை மருத்துவம் முடியும் என்று செய்துகாட்டினார். தமிழ் பயிலும் நம் மாணவர், தத்தம் ஊரில் வழங்கும் நோய்ச்சொற்களையும் வலிச்சொற்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுப்பாராயின், அதுவே கிறீனுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.