ஓவே கியெட்டே (1594 – 1660)

மாணவர்களே, இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் யாவர் எனக் கேட்டால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என எழுதிவிடுவீர்கள். டேனியரும் வந்தனர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவர்களை அழைத்துவந்தவர் ஓவே கியெட்டே என்னும் பிரபு.

இவர் பிறந்த ஸ்கோனே அன்று டென்மார்க்குக்கு உரியது. 1658 இல் அது சுவீடன் வசமானதால், தேசப்படத்தில் அதனைச் சுவீடனிலேயே காண்பீர்கள்.

போர்த்துக்கேயருக்கு எதிராக உதவி தேடிய கண்டி அரசன் செனரத்தின் பெயரால், பொஷவர் என்னும் ஒல்லாந்தர் 1618 இல் டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்டியனுடன் உடன்படிக்கை செய்தார். அவ்வருடம் நவம்பரில் கியெட்டே கப்பல்களுடன் புறப்பட்டார். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. வழியில் நோயினால் பலர் மாண்டனர், பொஷவரும் இறந்தார். 1620 மே மாதம் இலங்கையை அடைந்தபோது, பொஷவர் செய்த உடன்படிக்கையைச் செனரத் ஏற்க மறுத்தான். யாழ்ப்பாணமோ 1619 இலேயே போர்த்துக்கேயர் கைக்குப் போயிருந்தது. திருகோணமலையில் கோட்டை கட்டும் முயற்சியும் நிலைக்கவில்லை.

அவருக்குக் கைகொடுத்தது எதிர்க்கரையாகும். முன்னதாக அனுப்பப்பட்ட டேனியக் கப்பலைப் போர்த்துக்கேயர் காரைக்காலுக்கு அருகில் அழித்தனர். உயிர்தப்பிய குராப்பே தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரை அடைந்து வழியமைத்தார். 1620 நவம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தாகித் தரங்கம்பாடி டேனியருக்குக் கிடைத்தது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் பொன்னேட்டில் டென்மார்க் மன்னனுக்கு அனுப்பிய தமிழ்க் கடிதம் அந்நாட்டுச் சுவடிக்கூடத்தில் உள்ளது.

(1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஜெர்மானியர், டேனியர் என எழுதிவிடாதீர்கள்.)

1622 இல் நாடு திரும்பிய கியெட்டே பின்னர் தலைமைக் கடற்படைத் தளபதியானார். சுவீடனுடனான போரில் 1658 இல் சிறைப்பட்டு, 1660 இல் காலமானார். தரங்கம்பாடியை டேனியர் 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்றனர்.