திமிங்கல வேட்டை பாரம்பரியமா, பிசினஸா? நார்வே மீனவர்களைக் கொதிக்க வைத்த ஸ்வென் ஃபொய்ன்

வணிகத் திமிங்கல வேட்டைக்கு 1986 முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. ஆட்சேபம் பதிவு செய்திருந்த நார்வே, 1993-ல் மறுபடியும் வேட்டையை ஆரம்பித்தது. கடலோர மக்களின் பாரம்பரியம் என்பது அந்த நாடு சொல்லும் காரணங்களில் ஒன்று. சரி, ஆனால் அதே நார்வேயில் ஒரு காலத்தில் வேட்டையை எதிர்த்துக் கொதித்தவர்களே கடலோர மீனவர்கள்தான். அந்தக் கோபத்துக்குக் காரணமான தொழிலை உருவாக்கியவர் ஸ்வென் ஃபொய்ன்.

1809-ல் டன்ஸ்பெர்க் ஊரில் பிறந்தவர். நாலு வயசிலேயே அப்பாவைக் கடலில் பறிகொடுத்தார். சீல் வேட்டையில் பணக்காரர் ஆனார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் கண் நீலத் திமிங்கலத்தின் மேல் விழுந்தது.

அதுவரை அதை யாராலும் பெரிதாக நெருங்க முடியவில்லை. துடுப்புப் படகுக்குப் பிடிபடாத வேகம். கஷ்டப்பட்டுக் கொன்றாலும் உடல் மூழ்கிவிடும். ஃபொய்ன் 1863-ல் நீராவிக் கப்பல் கட்டினார். அதன் முனையில் பீரங்கி. திமிங்கலத்தின் உடலுக்குள் போய் வெடிக்கும் குண்டு பொருத்திய ஈட்டிக்கு 1870-ல் காப்புரிமை வாங்கினார். அந்தக் குண்டை வடிவமைக்க உதவியவர் ஒரு பாதிரியார் என்பதுதான் வேடிக்கை! இன்றைக்கும் நார்வே படகுகளில் இருப்பது அந்த ஈட்டியின் வாரிசுதான்.

வடக்கே ஃபின்மார்க் கரையில் தொழில் சூடுபிடித்தது. 1873-ல் பத்து வருட ஏகபோக உரிமையும் கிடைத்தது. மீனவர்களுக்கோ வயிற்றில் நெருப்பு. திமிங்கலம்தான் சின்ன மீன்களைக் கரைப்பக்கம் விரட்டுகிறது, அதைத் தின்ன காட் மீன் வருகிறது என்பது அவர்களின் தலைமுறை நம்பிக்கை. விலங்கியலாளர் ஜி.ஓ.சார்ஸ் அதை ஏற்கவில்லை. ஆனாலும் வலை காலியாக வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது இல்லையா? 1880-ல் வராங்கர் பகுதியில் மீன்பிடி சீசனில் மட்டும் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. மீனவர்களுக்கு அது போதவில்லை.

தீவிர கிறிஸ்தவரான ஃபொய்ன் 1894-ல் இறந்தார். குழந்தை இல்லை, சொத்து மிஷன் பணிகளுக்குப் போனது. சண்டை ஓயவில்லை. 1903-ல் மேஹாமன் ஊரில், வேறொரு கம்பெனியின் திமிங்கல நிலையத்தை மீனவர்கள் அடித்து நொறுக்கினார்கள். மறுவருஷமே வடக்கு மாவட்டங்களில் வேட்டைக்குத் தடை.

ஃபொய்னின் பீரங்கி மட்டும் தெற்கே கிளம்பிவிட்டது. அதே 1904-ல் தென் ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கெனில், இன்னொரு நார்வேக்காரரான கார்ல் ஆன்டன் லார்சன் திமிங்கல நிலையம் திறந்தார். 20-ம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் கொல்லப்பட்ட நீலத் திமிங்கலங்கள் 3 லட்சத்துக்கும் மேல்.