43 வயதில் வேலை போச்சு!

பிளேஸ்மென்ட்ல ரிஜெக்ட் ஆகி உட்கார்ந்திருக்கீங்களா? வில்லியம் ஷைரர் கதையைக் கேளுங்க.

சிகாகோவில் பிறந்த பத்திரிகையாளர். இந்தியா வந்து காந்தியின் போராட்டத்தைப் பற்றி எழுதியவர். 1937-ல் சிபிஎஸ் ரேடியோவில் சேர்ந்தார். ஹிட்லரின் பெர்லினில் தணிக்கை அதிகாரிகள் வெட்டியது போக மிச்சத்தைத்தான் மைக்கில் பேச முடியும். பேச முடியாததை டைரியில் எழுதினார். 1940 டிசம்பரில் அதை ஒளித்து எடுத்துக்கொண்டு வெளியேறினார். அடுத்த வருஷமே 'பெர்லின் டைரி' புத்தகம் செம ஹிட்!

ஆனா 1947-ல் சிபிஎஸ் வேலை போச்சு. 1950-ல் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்னு முத்திரை குத்தினாங்க. ரேடியோ கதவுகள் மூடின. ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்துதான் பிழைப்பு. அதற்கு நடுவே, கைப்பற்றப்பட்ட நாஜி ஆவணங்களைத் தோண்டித் தோண்டி எழுதினார். 1960-ல் வந்தது 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் தி தேர்ட் ரைக்', 1,200 பக்கத்துக்கும் மேல். அப்போ அவருக்கு வயசு 56. மறு வருஷம் நேஷனல் புக் அவார்டும் கிடைச்சது.

லைப்ரரில பார்த்தா விடாதீங்க!