பெர்லினில் படித்த பெருந்தகை

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது. அங்கே 1940-இல் தொடங்கப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமம் உள்ளது என்பதையும், பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கே கழித்தார் என்பதையும் மதுரைப் பக்கத்தார் பலரும் அறிவர். ஆயினும் நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டது குமரப்பாவின் வரலாறு அன்று. அவரோடு ஒரே குழுவில் அமர்ந்து கல்வித் திட்டம் வகுத்த இன்னொருவரின் வரலாறு. இளையான்குடியில் அவர் பெயரால் ஒரு கல்லூரி உண்டு. டாக்டர் ஜாகிர் உசேன் என்றவுடன் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு என் பெரியப்பா மகன் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார். அன்று முதல் வீட்டில் அதே பேச்சு. உனக்கும் அந்த ஆசை உண்டா என்று அம்மா என்னைக் கேட்டார். உண்டு என்றேன். போனால் திரும்பி வருவாயா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. பொருளியல் மாணவனாயிற்றே, நமக்கு முன்னே அந்நாட்டில் பொருளியல் படித்தவர் யாரேனும் உண்டா என்று நூலகத்தில் தேடினேன். அப்போதுதான் இவர் கிடைத்தார்.

ஜாகிர் உசேன் 1897 பிப்ரவரி 8 அன்று ஐதராபாத்தில் பிறந்தார். பூர்வீகம் உத்தரப் பிரதேசத்துக் காயம்கஞ்ச். தந்தை வழக்கறிஞர். மகனுக்குப் பத்து வயதானபோது அவர் மறைந்தார். எட்டாவாவில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் 1911-இல் தாயையும் பிளேக் நோய் கொண்டுபோயிற்று. பின்னர் அலிகார் கல்லூரி. 1920-இல் காந்தியடிகள் அங்கே வந்து, அரசின் உதவி பெறும் கல்லூரிகளை விட்டு வெளியேறுமாறு அழைத்தபோது, வெளியேறிய மாணவர்களில் இவரும் ஒருவர். வெளியேறியவர்களுக்கென அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று ஜாமியா மில்லியா இஸ்லாமியா தோன்றியது. அதில் இரண்டாண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மனைவியை ஊரில் விட்டு, 1922-இல் பெர்லினுக்குப் புறப்பட்டார். அன்றைய இந்திய மாணவர்கள் பெரும்பாலும் இலண்டனுக்கே சென்றனர். ஆங்கிலேயர் கல்லூரியை உதறிவிட்டு வந்தவர் ஆங்கிலேயர் நாட்டுக்கே படிக்கப் போகாததில் வியப்பில்லை.

அவர் சென்ற நேரம் சாதாரணமானதன்று. பணவீக்கம் என்ற பாடத்தில் நாம் படிக்கும் ஜெர்மனி அதுதான். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் வாங்கிய கூலி மாலையில் ரொட்டிக்குப் போதாது. ஜெர்மானியக் குடும்பங்களின் ஆயுள்காலச் சேமிப்பு கரைந்துகொண்டிருக்க, வெளிநாட்டுப் பணம் வைத்திருந்த மாணவர் மட்டும் மலிவாக வாழ முடிந்தது. புதிய நாணயம் வந்து விலைகள் நிலைபெற்றதும் அந்த வசதியும் போயிற்று. பொருளியல் கற்க வந்த ஒருவருக்கு இதைவிடக் கசப்பான செய்முறைப் பாடம் எங்கே கிடைக்கும்!

இன்று ஹும்போல்ட் பல்கலைக்கழகம் எனப்படும் பெர்லின் பல்கலைக்கழகத்தில் வெர்னர் சோம்பார்ட்டிடம் பயின்றார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்தியாவின் நில அமைப்பு. பெர்லினில் இருந்துகொண்டு நம் உழவனின் நிலத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதி 1926-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டத்தைவிட என்னைக் கவர்ந்தவை வகுப்பறைக்கு வெளியே அவர் செய்த காரியங்கள். 1924-இல் ஆல்பிரட் எரன்டிரைக் என்னும் ஜெர்மானியருடன் சேர்ந்து காந்தியடிகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். பெர்லினில் காவியானி என்றொரு பாரசீக அச்சகம் இருந்தது. உருதுக் கவிஞர் காலிபின் கவிதைத் தொகுப்பைச் சிறிய அழகிய பதிப்பாக அங்கே 1925-இல் அச்சிடுவித்தார். அச்சுக் கோப்பவர் போதாமல் போனபோது தாமே அச்செழுத்துகளைக் கையில் எடுத்துக் கோத்தார். பல்கலைக்கழக ஆய்வு மாணவர் விரல்களில் மை பூசிக்கொண்டு எழுத்தடுக்கிய காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேறு, உருவாக்கத் தெரிந்தவர் வேறு என்ற பிரிவினை நம்மிடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது!

அந்நாட்களில் ஜெர்மானியக் கல்வியுலகில் பேசப்பட்ட பெயர் கெர்ஷென்ஸ்டைனர். மியூனிக் நகரப் பள்ளிகளை நடத்தியவர். பள்ளியோடு பட்டறையும் தோட்டமும் சேர வேண்டும் என்றவர். அவர் அடிக்கடி காட்டிய எடுத்துக்காட்டு ஒரு பறவைக்கூடு. சிறுவன் மைனா இனத்துப் பறவைக்கு மரக்கூடு செய்கிறான். பலகை எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட வேண்டும், வரைய வேண்டும், அறுக்க வேண்டும். முடித்தபின் மூலை சரியாகப் பொருந்தியதா என்று தானே பார்க்க வேண்டும். தவறு எங்கே என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, பலகையே சொல்லிவிடும். வெறுமனே கை அசைவது வேலையன்று, எண்ணித் திட்டமிட்டுச் செய்து முடித்துத் தன்னைத்தானே சோதிப்பதே கல்வியாகும் வேலை என்னும் கருத்து ஜாகிர் உசேன் மனத்தில் வேரூன்றியது.

இதற்கிடையில் ஊரில் ஜாமியா தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒத்துழையாமை இயக்கம் நின்றுவிட்டது. 1924-இல் துருக்கியில் கிலாபத்தே ஒழிக்கப்பட்டதும் கிலாபத் இயக்கத்தாரிடமிருந்து வந்த பணமும் வறண்டது. 1925-இல் பள்ளி அலிகாரை விட்டு டில்லி கரோல்பாகுக்குக் குடிபெயர்ந்தது. மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. பெர்லினில் இருந்த மூன்று நண்பர்கள், அதாவது ஜாகிர் உசேன், ஆபித் உசேன், முகம்மது முஜீப் ஆகியோர், மூட வேண்டாம், எங்கள் வாழ்வை அதற்கே தருகிறோம் என்று செய்தி அனுப்பினர். 1926 பிப்ரவரியில் மூவரும் வந்து சேர்ந்தனர். ஜாகிர் உசேனுக்கு அப்போது வயது 29. பொறுப்பேற்றது துணைவேந்தர் பதவி, கஜானாவோ காலி. 1928-இல் அங்குள்ள ஆசிரியர்கள், 20 ஆண்டுகள் பணிபுரிவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறமாட்டோம் என்று உறுதி எடுத்தனர். பெர்லின் பட்டத்துக்கு வேறிடத்தில் என்ன விலை கிடைத்திருக்கும் என்பதை விரிவுரையாளர்கள் என்னைவிட நன்கு அறிவர். அவர் 1948 வரை அங்கேயே இருந்தார்.

பெர்லினில் பழகிய கெர்டா பிலிப்ஸ்பார்ன் என்ற யூதப் பெண்மணியும், ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த காலத்தை ஒட்டி ஜாமியாவுக்கு வந்து சிறு பிள்ளைகளைப் பேணினார். 1943-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். ஒரு மாணவர் வெளிநாட்டில் சம்பாதித்த நட்பு இப்படியும் திரும்பி வந்திருக்கிறது.

1937 அக்டோபர் 22, 23 நாள்களில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. கைத்தொழில் வழியே கல்வி, அத்தொழிலின் வருவாயாலேயே பள்ளி நடக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் எண்ணம். ஜாகிர் உசேன் காந்தியடிகள் முன்னிலையிலேயே தம் ஐயத்தை எழுப்பினார். வருவாயையே குறியாக வைத்தால் ஆசிரியர் பிள்ளைகளை வேலை வாங்கும் கங்காணியாகிவிடக்கூடும் என்று அஞ்சினார். காந்தியடிகளோ அவரையே குழுவின் தலைவராக்கினார். வினோபா, காகா காலேல்கர், இலங்கைத் தமிழர் ஆரியநாயகம், நம் குமரப்பா ஆகியோர் அதில் உறுப்பினர். ஏழு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியே பயிற்றுமொழி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துப் பிற பாடங்கள் என்று டிசம்பரிலேயே அறிக்கை வந்துவிட்டது. அதுவே ஆதாரக் கல்வி.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது 1953-ஆம் ஆண்டுத் திட்டம் நினைவுக்கு வராமலிராது. பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கச் சொன்ன அத்திட்டத்தை மக்கள் எதிர்த்தது முற்றிலும் நியாயம். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். ஆனால் வார்தா அறிக்கை வேறு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் ஒரே தொழிலைக் கற்பது அது. பெயர் கெட்டதற்கு நடத்தியவர்களும் காரணம். பல இடங்களில் அது வெறும் போலியாகிவிட்டது என்று ஜாகிர் உசேனே பிற்காலத்தில் ஒளிவின்றிச் சொன்னார்.

எங்கள் தாத்தா கல்லுப்பட்டி ஆதாரப் பள்ளியில் படித்தவர். தக்ளியில் நூற்ற கதையை நூறு முறை சொல்லியிருக்கிறார். நூற்ற நூலின் நீளத்தை அளந்துதான் கணக்குப் படித்தாராம். அந்தப் பாடத்துக்கும் பெர்லினுக்கும் தொடர்புண்டு என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அச்சகத்தில் எழுத்துக் கோத்த கதையைச் சொன்ன பிறகே, அப்படியானால் சரி என்றார்.

மற்றவை நாடறிந்தவை. பிரிவினையின்போது ஜலந்தர் இரயில் நிலையத்தில் கொலைக் கும்பலிடம் சிக்கி, ஒரு சீக்கியப் படை அதிகாரியாலும் ஓர் இந்து இரயில்வே அதிகாரியாலும் உயிர் பிழைத்தார். அலிகார் துணைவேந்தர், பீகார் ஆளுநர், 1962-இல் குடியரசுத் துணைத்தலைவர், 1967 மே 13 முதல் குடியரசுத் தலைவர். 1969 மே 3 அன்று பதவியிலிருக்கும்போதே மறைந்தார். உடல் அடக்கமானது ஜாமியா வளாகத்தில்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். மொத்தம் எத்தனை ஆண்டு அங்கே இருந்தார் என்று மட்டும் கேட்டார். நான்குக்குச் சற்றுக் குறைவு என்றேன். அவர் மனைவி அதுவரை தனியாகவா இருந்தார் என்று மறுபடி கேட்டுவிட்டு, என் விடைக்குக் காத்திராமல் அடுப்படிக்குச் சென்றார்.