அந்தக் காருக்காகவே வார்த்த சக்கரம்: எட்டோரே புகாட்டியின் கதை

1924 ஆகஸ்ட் 3. பிரான்ஸின் லியோன் நகரத்துக்கு அருகே கிராண்ட் பிரி பந்தயம். எட்டோரே புகாட்டி ஐந்து கார்களுடன் வந்து இறங்கியிருந்தார். கூடாரம், குளிக்க ஷவர் என்று ஒரு சின்ன ஊரையே கொண்டுவந்தது போன்ற ஏற்பாடு. ஆனால் கூட்டம் குனிந்து குனிந்து பார்த்தது என்னவோ கார்களின் சக்கரத்தைத்தான்.

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் பெரும்பாலும் சைக்கிள் போலக் கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரம்தான் இருக்கும். புகாட்டியின் டைப் 35 காரில் இருந்தது வார்த்தெடுத்த அலுமினியம், எட்டுத் தட்டையான ஆரங்கள். இன்று ஷோரூம் வாசலில் ஜம்முனு மின்னும் அலாய் வீல்களுக்கு இது ஒரு கொள்ளுத் தாத்தா.

புகாட்டி பிறந்தது 1881-ல், இத்தாலியின் மிலன் நகரில். அப்பா கார்லோ பெயர்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர், தம்பி ரெம்பிராண்ட் சிற்பி. கலைக் குடும்பத்துப் பையன் இயந்திரப் பக்கம் போய்விட்டான். வேறு கம்பெனிகளுக்கு கார் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, 1909-ல் மோல்ஷெய்ம் ஊரில் ஒரு பழைய சாயப்பட்டறையைப் பிடித்துச் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். அப்போது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸுக்குப் போனது.

அப்பாவின் கலைக்கண் மகனிடம் இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தச் சக்கரம் அழகுக்காக மட்டும் செய்ததில்லை. பிரேக் டிரம்மைத் தனியாக வைக்காமல் சக்கரத்தோடு சேர்த்தே வார்த்திருந்தார். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும். பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் பிரேக் ஆறும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைவதால், மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விடாமல் ஓடும். டயர் நழுவாதபடி விளிம்பில் ஒரு வளையத்தைத் திருகுகளால் இறுக்கியிருந்தார்.

எல்லாம் கச்சிதம். ஆனால் பந்தயத்தில் மாட்டிக்கொண்டார். 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் அது. புகாட்டி கார்களில் டயரின் மேல்தோல் உரிந்து உரிந்து வந்தது. பந்தயத்துக்கென்றே செய்து வந்த டயர்களில் ரப்பர் சரியாகப் பதப்படவில்லை. அல்ஃபா ரோமியோவில் கம்பாரி ஜெயித்தார். புகாட்டிக்குக் கிடைத்தது ஏழாவது, எட்டாவது இடங்கள்.

சக்கரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், டயரும் பிரேக்கும் ஹப்பும் அதோடு ஒத்துப்போனால்தான் கார் ஓடும். இன்று அலாய் வீல் மாற்றக் கடைக்குப் போகிறவர் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உதாரணமாக, 185/65 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 16 அங்குல ரிம்முக்கு மாறினால் 195/55 ஆர் 16 போடலாம். அதுவும் 621 மி.மீ.தான். கெத்தா இருக்கும்னு 205/55 ஆர் 16 போட்டால் விட்டம் 632 மி.மீ. ஆகிவிடும். காரின் நிஜ வேகம் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிடக் கூடும், ஃபெண்டரில் டயர் உரசவும் வாய்ப்புண்டு.

போல்ட் துளைகளின் இடைவெளியும் நடுத்துளையின் அளவும் பொருந்த வேண்டும். ஹப்பைவிட நடுத்துளை பெரிதாக இருந்தால் சரியான வளையம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் அதிரலாம். ரிம்மில் ‘இடி 45’ என்பது போலப் பொறித்திருப்பது ஆஃப்செட். அது ரொம்பக் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங்குக்குச் சுமை ஏறும். ரிம்மின் அகலமும் தாங்கும் எடையும் தனிக் கணக்கு. கடைக்காரர் மாட்டிக் காட்டி, பொருந்திடுச்சு என்று சொன்னால் மட்டும் போதாது.

புகாட்டிக்கு இந்தத் தலைவலி இல்லை. எந்தக் காருக்கு எந்தச் சக்கரம் என்பதை அவரே முடிவு செய்தார். லியோன் தோல்விக்காக அந்தச் சக்கரத்தை அவர் தூக்கிப் போடவும் இல்லை. நல்ல டயர் கிடைத்ததும் அதே டைப் 35 வரிசை, சிசிலியின் மலைப்பாதையில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது. 1929-ல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியையும் வென்றது.

பிறகு வந்த வருடங்கள் அவருக்கு இனிக்கவில்லை. மன்னர்களுக்கென்று செய்த பிரம்மாண்ட ராயல் காரில் ஆறு மட்டுமே உருவாயின. அந்த எஞ்சின்களைக் கடைசியில் ரயில் பெட்டிகளில் பொருத்தினார்கள். 1939 ஆகஸ்டில், அந்த ஆண்டு லெ மான் பந்தயத்தில் வென்ற காரை ஓட்டிப் பார்க்கும்போது மகன் ஜான் விபத்தில் இறந்தார். வயது 30. 1947-ல் எட்டோரேயும் பாரிஸில் காலமானார்.

டைப் 35 வைத்திருப்பவர்களுக்காக அந்த எட்டு ஆரச் சக்கரத்தை இன்றும் சில பட்டறைகள் புதிதாக வார்த்துத் தருகின்றன. டிரம்மும் சேர்ந்தேதான் வரும். சாதாரணக் காரில் மாட்ட முடியாது.