ஊர் கண்டு கதை சொன்ன கல்கி

தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் கல்கி என்னும் பெயரால் தமிழ் கூறும் நல்லுலகமெங்கும் அறியப்பட்டார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1921இல் பள்ளிப் படிப்பைத் துறந்ததும், அடுத்த ஆண்டிலேயே சிறை புகுந்ததும், நவசக்தியிலும் ஆனந்த விகடனிலும் பணியாற்றியதும், 1941இல் சதாசிவம் அவர்களுடன் சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கியதும் பெரியோர் நன்கறிந்தவை. நாம் ஈண்டுக் கூற விழைவது, கதையைத் தேடி நடந்த அன்னாரின் கால்களைப் பற்றியே.

மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி.யுடன் அமர்ந்திருந்த ஓர் இரவில் உதித்த கற்பனையே பின்னர்ச் 'சிவகாமியின் சபதம்' ஆயிற்று. அதில் ஆயனச் சிற்பி அஜந்தாவின் அழியா வர்ணத்தின் இரகசியத்திற்காக ஏங்குகிறார் அல்லவா? கல்கியும் ஓவியர் மணியத்துடன் அக்குகைகளுக்கே சென்று அவ்வர்ணங்களைக் கண்டு வந்தவர்.

1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்காக அவர் சோழநாட்டு ஊர்களைச் சுற்றினார். கடல் கடந்து நம் இலங்கைக்கும் வந்தார். கதை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அவ்வேரிக்கு அணித்தாயுள்ள உடையார்குடிக் கோயிற் கல்வெட்டில்தான் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் இன்றும் உள்ளன. இரவிதாசன் கற்பனைப் பெயர் அன்று. அக்கல்லில் உள்ள பெயர். ஈழப் போரில் மாண்ட கொடும்பாளூர்ச் சிறிய வேளாரும் கல்வெட்டிலிருந்து வந்தவரே. நந்தினியும் பூங்குழலியும் கல்லில் இல்லாதவர்கள். வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த பழைய தொகுதியில், வந்தியத்தேவனின் கதை தொண்டைமானாற்று முகத்துவாரத்திற்கு வந்ததைப் படித்தபோது நாம் கொண்ட பெருமிதத்தைச் சொல்லவும் வேண்டுமோ! நாம் அறிந்த ஆறு அல்லவா!

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. நாவலில் வரும் இளவரசர் அருள்மொழி, போரிற் சிதைந்த விகாரைகளைப் பழுதுபார்க்கச் செய்கிறார். பிக்குகள் அளிக்க வந்த இலங்கை மணிமுடியையும் மறுக்கிறார். சரித்திரமோ வேறு. அவரே இராசராசனாக அரியணை ஏறியபின், 993ஆம் ஆண்டளவில் சோழர் படையெடுப்பால் அனுராதபுரம் பாழ்பட்டது. தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. பல்கலைக்கழகத்திற் சிங்கள நண்பர் ஒருவர் இதனைச் சுட்டிக் காட்டியபோது நாம் மறுமொழி இன்றி நின்றோம். அதுவரை அந்த இளவரசரின் கருணையை நாம் சரித்திரமென்றே நம்பியிருந்தோம்.

இதனைக் கல்கியின் அறியாமை என்று கொள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. இடிபாடுகளின் நடுவே நின்று பார்த்தவர் அவர். அந்நகரை அழித்தவனாகத் தம் கதாநாயகனைக் காட்ட அவர் பேனா மறுத்திருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அது நாவலாசிரியரின் உரிமை. எனினும் நாவலைப் படித்தவர் பொலன்னறுவைக்கும் ஒருமுறை போய்வருதல் நன்று. சோழர் எடுப்பித்த வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் சிவாலயம் அங்கே கருங்கல்லில் இன்றும் நிற்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. இடிந்த விகாரைகள் அனுராதபுரத்தில் உள்ளன. இரண்டையும் பார்க்க வேண்டும்.

கல்கி 1954 டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. அதனை எழுதி முடித்தவர் அவர் மகள் ஆனந்தி.